காயமும் கணக்கேடும்

ஒரு மனிதனுடைய உடலில் பட்ட காயம் உண்மையா, அதைப்பற்றி ஏட்டில் எழுதியிருப்பது உண்மையா? இரண்டும் ஒன்றாயிருக்கும் வரையில் இக்கேள்வி எழுவதற்கே இடமில்லை. உடலில் வடு இருந்து ஏட்டில் எழுத்து இல்லாமற் போனால், அப்பொழுது எதை நம்புவது? வடுவை நம்பினால் ஏடு எதற்கு என்பார்கள். ஏட்டை மட்டும் நம்பினால் மனிதன் எதற்கு என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

இது வாய்ச் சாமர்த்தியத்துக்காகப் போடும் புதிர் அன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், பட்டாளத்தில் சேவை செய்து வீடு திரும்பிய முதியவர்கள் பலர், தங்கள் ராணுவப் பதிவுகளைத் திருத்தித் தரவேண்டுமென்று சர்க்காருக்கு மனுச் செய்து வருகிறார்கள். அவர்கள் கேட்பது நிலமன்று, உத்தியோகமன்று. "யுத்தகளத்தில் எதிரியின் கையால் நான் காயம் பட்டேன். அதை எழுதுங்கள், அதற்குரிய பதக்கத்தைக் கொடுங்கள்" என்பதே அவர்கள் மனுவின் சாரம். இம்மனுவில் அடங்கியுள்ள நியாயம் எவ்வளவு, இதற்கு எதிராகச் சொல்லப்படும் நியாயம் எவ்வளவு என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அப்பதக்கத்தின் வரலாற்றைச் சுருக்கிச் சொல்லுகிறோம். அமெரிக்கச் சுதந்திர யுத்தம் முடியுந் தறுவாயில், 1782ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ஆம் தேதி, சேனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், சாதாரணச் சிப்பாய்களின் நற்செயலுக்கு அடையாளமாக, ஊதாத் துணியில் இதய வடிவாய் அமைந்த சின்னம் ஒன்றை ஏற்படுத்தினார். விருதும் சின்னமும் தளபதிகளுக்கே உரியன என்று எண்ணப்பட்ட காலம் அது. கடைசி வரிசையில் நிற்பவனும் மனிதனே என்று சொல்லிற்று அக்கட்டளை. பிறகு அச்சின்னம் மறக்கப்பட்டது. வாஷிங்டன் பிறந்து இருநூறாண்டு நிறைந்த 1932 பிப்ரவரி 22ல், அந்நாளில் ராணுவத் தலைமை அதிகாரியாயிருந்த டக்ளஸ் மெக்ஆர்தர் என்பார் அதைப் பதக்கமாகப் புதுப்பித்தார். 1942 முதல், எதிரியால் காயம் பட்டவர்க்கும் மாண்டவர்க்கும் மட்டுமே அது உரியதாயிற்று. 'பர்ப்பிள் ஹார்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அதை 'ஊதா இதயம்' என்று தமிழிற் சொல்லலாம்.

மற்றப் பதக்கங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. வீரத்துக்கான பதக்கமென்றால் மேலதிகாரி ஒருவர் சிபாரிசு செய்யவேண்டும். அதற்கு மேலுள்ளவர்கள் அளந்து பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். அது பாராட்டு. பாராட்டை ஒருவன் தானே கேட்டுப் பெறுவது அழகல்ல என்று சொன்னால், அதை நாமும் ஒப்புக்கொள்வோம். ஊதா இதயத்துக்கோ சிபாரிசு வேண்டியதில்லை. விதிகள் பொருந்தினால் அது அவனுக்கு உரிமை. குழியில் உறங்கிக்கொண்டிருந்தவன்மீது எதிரியின் குண்டுச் சிதறல் பாய்ந்தாலும் அது உண்டு. சிங்கம்போற் போரிட்டுத் தோலில் ஒரு கீறலுமின்றித் திரும்பியவனுக்கு அது இல்லை. ஆகவே, "நீ வீரன்" என்று அப்பதக்கம் சொல்லவில்லை. "இவனுக்கு இது நேர்ந்தது" என்று மட்டுமே சொல்லுகிறது. இவ்வேற்றுமையை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். நமது வாதம் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

அப்பதக்கத்துக்குரிய விதிகள் மூன்று. காயம் எதிரியின் செயலால் நேர்ந்திருக்கவேண்டும்; பனியினாலோ வெயிலினாலோ நோயினாலோ நேர்ந்தது கணக்காகாது. வைத்திய அதிகாரியின் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு அக்காயம் இருந்திருக்கவேண்டும். அச்சிகிச்சை அதிகாரபூர்வமான பதிவில் ஏறியிருக்கவேண்டும். முதல் இரண்டும் சிப்பாயின் உடலில் நடப்பவை. மூன்றாவது, குமாஸ்தாவின் மேசைமேல் நடப்பது. அந்த மேசையின்மீது சிப்பாய்க்கு எவ்வித அதிகாரமும் இல்லை. இருந்தும், அங்கே நேர்ந்த குறைக்கு உரிமை இழப்பவன் அவனே.

குறை எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியா யுத்தத்தில் ஈடுபட்ட ஒரு வாலிபனை எண்ணிக்கொள்ளுங்கள். இரவில், மலைச்சரிவில், பீரங்கிக் குண்டின் சிதறல் அவன் தோளில் பாய்கிறது. கூடவிருந்த சிகிச்சைச் சிப்பாய் விளக்குமின்றி அதைத் துடைத்துக் கட்டுகிறான். காலையில் முன்னணிச் சிகிச்சைக் கூடாரத்தில் டாக்டர் அதைத் தைத்து விடுகிறார். ஆள் பற்றாக்குறை; ஆதலால் அன்று மாலையே அவன் தன் குழிக்குத் திரும்புகிறான். ஆஸ்பத்திரிக்குப் போகாதவனுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏது? கூடாரத்துக் குறிப்புகள் பின்வாங்கும் அவசரத்திற் போன இடம் தெரியவில்லை. கட்டியவன் அடுத்த வாரம் மாண்டான். வாலிபன் ஊர் திரும்பும் நாளில், "இது விட்டுப்போயிற்றே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று அவனுக்கு வீடு போய்ச் சேர்வதொன்றே கவலை. இன்று அவனுக்குத் தொண்ணூறு வயது கடந்துவிட்டது. தோளில் வடு இருக்கிறது, ஏட்டில் ஒன்றுமில்லை. இவன் நாம் கற்பித்த ஆள்தான். ஆனால் இவனைப் போன்றவர்களின் மனுக்கள் உண்மையானவை.

ஏடு எழுதப்பட்டிருந்தாலுங்கூடப் போதாது. அது காப்பாற்றப்படவும் வேண்டும். 1973ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் தேதி, செயின்ட் லூயிஸ் நகருக்கருகே ராணுவ ஊழியர்களின் பதிவுகளைச் சேர்த்து வைத்திருந்த தேசியக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 160 லட்சத்துக்கும் 180 லட்சத்துக்கும் இடைப்பட்ட தனிநபர் கோப்புகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. அவற்றுக்கு நகல் இல்லை. படச்சுருளும் எடுத்து வைக்கவில்லை. இரண்டு உலக யுத்தங்களிலும் கொரியாவிலும் இரத்தம் சிந்தியவர்களின் கதையிற் பெரும்பகுதி ஒரு கட்டடத்தின் மேல்மாடியிற் சாம்பலாயிற்று. அத்தீயைச் சிப்பாய்கள் வைக்கவில்லை. தீயணைக்கும் நீர்க்குழாய்கள் இல்லாத அக்கட்டடத்தையும் அவர்கள் கட்டவில்லை.

அழியாத ஏடும், எழுதுகிறவன் மனம் குறுகினால், பொய் பேசும். இதற்கு ஹென்றி ஜான்சன் என்பவரின் சரித்திரமே சாட்சி. அவர் கறுப்பினத்தவர், நியூயார்க் மாகாணத்து ஆல்பனி நகர ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். 1917ல் பட்டாளத்தில் சேர்ந்தார். அவர் சேர்ந்த 369ஆம் காலாட்படை கறுப்பினத்தவர் படையாதலின், அமெரிக்கத் தலைமை அதைத் தன் வெள்ளைப் படைகளோடு நிறுத்தாமல் பிரெஞ்சுச் சேனையிடம் ஒப்படைத்தது. 1918 மே மாதத்தில் ஓரிரவு, ஆர்கோன் காட்டருகே, ஜான்சனும் அவர் தோழர் ஒருவரும் காவல் நின்ற இடத்தை ஜெர்மானியர் கூட்டம் தாக்கிற்று. துப்பாக்கி பயனற்றுப்போகவே, ஜான்சன் கத்தியை உருவிக்கொண்டு கைகலந்தார்; பிடிபட இருந்த தோழரை மீட்டார். அவர் உடலிற் பட்ட காயங்கள் இருபத்தொன்று. பிரான்சு தேசம் தன் உயர்ந்த யுத்த விருதுகளில் ஒன்றை அவருக்கு அளித்தது. 1919 பிப்ரவரியில் நியூயார்க் வீதியில் அப்படை ஊர்வலம் வந்தபோது, அவரைத் திறந்த மோட்டாரில் ஏற்றி வந்தார்கள். நகரமே கண்டு ஆர்ப்பரித்தது. ஆனால் அவர் கையிற் கொடுக்கப்பட்ட விடுதலைச் சீட்டில், அந்த இருபத்தொரு காயங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அந்நிய தேசத்தின் ஏட்டில் அவர் காயம் ஏறிற்று. சொந்த தேசத்தின் ஏட்டில் ஏறவில்லை. 1929ல் அவர் காலமானார். 1996ல்தான் ஊதா இதயம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. 2015 ஜூன் மாதத்தில் அந்நாட்டின் தலையாய விருதான கௌரவப் பதக்கம் வழங்கப்பட்டபோது, வாங்கிக்கொள்ள உற்றார் எவரும் இல்லாமல், நியூயார்க் தேசியக் காவற்படையைச் சேர்ந்த ஒருவர் அதைப் பெற்றுக்கொண்டார். காயத்துக்கும் எழுத்துக்கும் இடையே எழுபத்தெட்டு ஆண்டுகள் சென்றன. அவ்வளவு காலமும் அக்காயங்கள் பொய்யாகவா இருந்தன?

இத்தகைய பிழைகளைத் திருத்த அந்நாட்டிற் சட்டம் இருக்கிறது. முன்னே, ஒருவனுடைய பதிவைத் திருத்தவேண்டுமானால் பார்லிமெண்டுக்கு ஒப்பான அவர்களது காங்கிரசில் தனி மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. 1946ல் இயற்றப்பட்ட சட்டம் அவ்வழக்கத்தை நிறுத்தி, சிவில் உத்தியோகஸ்தர்கள் அமரும் திருத்தச் சபைகளுக்கு வழி செய்தது. பிழையைத் திருத்துவதும் அநீதியை நீக்குவதும் அச்சபைகளின் கடமை. பிழையைக் கண்டறிந்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்யவேண்டுமென்பது விதி. நீதியின் பொருட்டு அக்கெடுவைத் தள்ளிவைக்கவும் சபைக்கு அதிகாரமுண்டு. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆயினும், தரைப்படைக்குரிய சபை ஒவ்வொரு மனுவையும் ஓர் அனுமானத்தோடு எடுத்துக்கொள்ளுகிறது. அதாவது, உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருப்பார்கள் என்பது. பிழை உண்டென்று காட்டவேண்டிய பாரம் மனுதாரர் தலைமேல் விழுகிறது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம்மவர் பழமொழி. சர்க்கார் காரியாலயத்திலோ, ஏட்டில் ஏறாத சுரைக்காய்தான் கறிக்கு உதவாமற் போகிறது.

இனி, எதிர் வாதங்களை நியாயமாக எடுத்துக்கொள்வோம்.

"ஐம்பது அறுபது ஆண்டு கழித்து ஒரு துண்டு உலோகத்துக்கு ஆசைப்படுவது வீண் பெருமையன்றோ? தன் மனச்சாட்சிக்குத் தெரிந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அப்பதக்கத்தோடு மாதப் பணம் எதுவும் வருவதில்லை. வைத்திய உதவியில் முன்னுரிமை போன்ற சில சலுகைகள் உண்டு. அவற்றைத் தள்ளிவைத்தே பேசுவோம். மனச்சாட்சி போதுமென்பது துறவிக்குச் சரி. ஆனால் அம்முதியவரின் பெயரில் ஒரு ஏடு ஏற்கெனவே இருக்கிறது. அது அவரைப்பற்றி உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் காயம் படாதவர் என்று அதை வாசிப்பவர் கொள்ளுகிறார்கள். தம்மைப்பற்றிய தவறான சாட்சியத்தைத் திருத்தக் கேட்பது பெருமையாகாது. பாராட்டைக் கேட்பவன் தன்னை உயர்த்தச் சொல்லுகிறான். திருத்தத்தைக் கேட்பவன் உண்மையின் அளவுக்குத் தன்னை வைக்கச் சொல்லுகிறான். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது தவறு.

"ஆதாரமின்றிக் கொடுத்தால் பொய்யரும் வருவார்களே" என்பது இரண்டாவது வாதம். இது வலுவுள்ள வாதம். இதை நாம் அலட்சியம் செய்யமாட்டோம். பெறாத பதக்கங்களை அணிந்து ஊரை ஏய்ப்பவர்கள் எந்நாட்டிலும் உண்டு. அமெரிக்கர்கள் அதைத் தடுக்க 2006ல் ஒரு சட்டம் செய்தார்கள். பேச்சுச் சுதந்திரத்துக்கு முரணென்று 2012ல் உச்சநீதி மன்றம் அதை நீக்கவே, பொய் சொல்லி ஆதாயம் தேடுவோரைத் தண்டிக்க 2013ல் வேறு சட்டம் செய்தார்கள். சொன்னவர்க்கெல்லாம் கொடுத்தால், உண்மையில் இரத்தம் சிந்தியவனுடைய பதக்கமும் செல்லாக் காசாகிவிடும். ஆகையால் ஆதாரம் கேட்பது குற்றமாகாது. ஆனால், எரிந்துபோன ஒரே காகிதத்தைத்தான் ஆதாரமென்போம் என்று பிடிவாதம் செய்வது குற்றம். படைப்பிரிவின் அன்றாட அறிக்கைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சேர்க்கையைப் பற்றி ராணுவ வைத்திய இலாகா தனியே எடுத்துவைத்த குறிப்புகள் பல தப்பியிருக்கின்றன. உயிரோடுள்ள தோழர்களின் சத்தியப் பிரமாணம் இருக்கிறது. அந்நாளில் தாய்க்கு எழுதிய கடிதம் இருக்கிறது. உடலுக்குள் இன்னும் இரும்புத் துணுக்கைக் காட்டும் எக்ஸ்ரே படம் இருக்கிறது. இவற்றைத் தேடுவதில் ஏட்டை வைத்திருந்தவனுக்கும் பங்கு வேண்டும். தொலைத்தவன் கைகட்டி உட்கார்ந்திருக்க, இழந்தவன் மட்டும் ஊரெல்லாம் தேடுவது எந்த ஊர் நியாயம்?

எல்லாம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லையானால் என்ன செய்வது? இங்கேதான் கடினமான கேள்வி பிறக்கிறது. இதற்கு விடை காண, நாம் அன்றாடம் பழகும் தொழிலிலிருந்து ஒரு நுட்பத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். தோட்டத்துக் கிராணி வேலையென்பது கட்டங்களை நிரப்பும் வேலை. காலையிற் பெரட்டு எடுத்து, வந்தவர் வராதவர் என்று குறித்து, எடையும் நாளும் எழுதி, மாதக் கடைசியிற் கூட்டிச் சம்பளம் போடவேண்டும். இத்தொழிலில் முதலாவது கற்கவேண்டிய பாடம் ஒன்று. கட்டம் காலியாயிருப்பது வேறு. கட்டத்தில் சைபர் எழுதியிருப்பது வேறு. சைபர் என்றால், எண்ணிப் பார்த்தோம், ஒன்றுமில்லை என்று பொருள். காலி என்றால், எண்ணவில்லை, அல்லது எழுதவில்லை என்று பொருள். ஆனால் கூட்டும்போது இரண்டும் ஒரே தொகையைத் தருகின்றன. மேலே உட்கார்ந்து கூட்டுத் தொகையை மட்டும் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. காலியைச் சைபராக வாசிப்பதினால் உலகத்தில் நடக்கும் அநியாயம் கொஞ்சமல்ல.

சிப்பாயின் மனுவுக்கும் இதுவே உரைகல். "உமக்குக் காயம் பட்டது" என்பது ஒரு விடை. "உமக்குக் காயம் படவில்லை" என்பது மற்றொரு விடை. "எங்களுக்குத் தெரியவில்லை" என்பது மூன்றாவது விடை. மூன்றாவதைச் சொல்லவேண்டிய இடத்தில் இரண்டாவதைச் சொல்லுவது பொய். அது முத்திரை குத்தின பொய்யானாலும் பொய்யே. ஆதாரம் அறவே இல்லாத இடத்திற் பதக்கத்தை மறுப்பது சில சமயம் அவசியமாகலாம். அப்பொழுதுங்கூட, மறுப்புக் கடிதத்தில், "உம்முடைய கோப்பு எங்கள் காவலில் இருந்தபோது அழிந்தது, ஆகையால் நீர் சொல்வதை எங்களால் உறுதி செய்ய இயலவில்லை, பொய்யென்றும் நாங்கள் சொல்லவில்லை" என்று எழுதலாமல்லவா? அதற்கு ஒரு மைத்துளிக்கு மேல் செலவில்லை. பதக்கம் கிடைக்காத முதியவருக்கு அந்த ஒரு வாக்கியமாவது கிடைக்கும். சாட்சிகள் ஓரளவு இருந்து, காகிதம் போனதற்குச் சர்க்காரே காரணமாயிருக்குமிடத்தில், சந்தேகத்தின் பலனை மனுதாரருக்கே கொடுக்கவேண்டுமென்பது நமது துணிபு.

"அதெல்லாம் பழைய யுத்தங்களின் அவசரத்தில் நேர்ந்தது, இக்காலத்தில் நேராது" என்று எண்ணவேண்டாம். 2020 ஜனவரி 8ஆம் தேதி, இராக்கிலுள்ள அல் அசாத் விமான தளத்தை இரானிய ஏவுகணைகள் தாக்கின. அமெரிக்கர் ஒருவருக்கும் தீங்கில்லை என்று அவர்கள் நாட்டுத் தலைவர் உலகறியச் சொன்னார். சைபர் எழுதியாயிற்று. பின்னர், வெடியின் அதிர்ச்சியால் மூளையிற் காயமடைந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்று வைத்தியர்கள் கண்டார்கள். அவ்வாண்டில் 29 பேருக்கு ஊதா இதயம் வழங்கப்பட்டது. மேலும் 39 பேருக்கு 2021 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. இரத்தம் வெளியே தெரியாத காயம் என்றால் எழுதுகோல் இன்னும் தயங்குகிறது. ஏட்டைத் திருத்தும் வேலை ஒரு தலைமுறையோடு தீர்ந்துபோகும் வேலையன்று.

அமெரிக்கச் சிப்பாயின் கதை நமக்கெதற்கு என்று தோட்டத்து அன்பர்கள் கேட்கலாம். செம்பனைக் காட்டில் மட்டை விழுந்து தோள் முறிந்தவன், விபத்து அன்றே ஏட்டில் ஏறாவிட்டால், சொக்சோ உதவிக்கு எத்தனை படி ஏறியிறங்கவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள். அதனினும் பெரிய காலிக் கட்டம் ஒன்று நம் சரித்திரத்தில் இருக்கிறது. 1942க்கும் 1943க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் பல்லாயிரவர் வேலை செய்தார்கள், பெருந்தொகையினர் மீளவில்லை. காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசையாகத் துயிலுகிறார்கள். அங்கே பெயர் பொறித்த கற்கள் உண்டு. அது சரியான காரியமே. நம் மக்களில் மிகப் பலருக்குப் பெயர் எழுதிய ஏடும் இல்லை, கல்லும் இல்லை. அவர்களுக்காக மனுச் செய்யவும் ஆளில்லை, திருத்தவும் ஏடில்லை. ஒரு முதிய சிப்பாய் தன் பெயருக்கெதிரே ஒரு வரியைக் கேட்டு மன்றாடுவதன் அருமையை, அந்த வரியும் கிட்டாதவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் உணராவிட்டால் வேறு யார் உணரப்போகிறார்கள்?

ஏடு மனிதனுக்குச் சாட்சியாயிருக்கப் பிறந்தது; மனிதனுக்கு எஜமானாகப் பிறந்ததன்று. சாட்சி பேசாதபோது, பேசவில்லை என்றுதான் நீதிபதி குறிக்கவேண்டும்; குற்றவாளி பொய் சொன்னான் என்று குறித்தல் தகாது. எழுதுகோல் பிடிக்கும் ஒவ்வொருவரும், தோட்டத்து ஆபீசிலாயினும் தலைநகரத்துச் சபையிலாயினும், இவ்வொன்றை நினைவில் வைத்தல் வேண்டும். நாம் எழுதாமல் விட்டதனால் ஒருவனுடைய காயம் ஆறிவிடுவதில்லை. அவன் உயிரோடிருக்கும்போதே அதை எழுதிக் கொடுத்தால், அவன் கையில் அதை வாங்கிக்கொள்ளுவான். காலந்தாழ்த்தினால் அந்தக் காகிதத்தை அந்நியர்தாம் வாங்கவேண்டும்.